பாம்புக்கும் குளிரும்!

மின்சாரக் கட்டணம் ஏறியது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மலைப்பாம்புகளின் உயிருக்கு ஆபத்து வந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் பட்ட பாடு, எந்தச் செல்லப் பிராணியை வாங்குவோருக்கும் ஒரு பாடம்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் பாம்பே குளிரில் விறைத்துப்போனால் என்ன செய்வது?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. இங்கிலாந்தில் பல லட்சம் பாம்புகள் வீடுகளில் வளர்க்கப்படுகின்றன. நம் ஊரில் கிளியும் நாயும் வளர்ப்பதுபோல அங்கே பாம்பு வளர்க்கிறார்கள். கடையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். குழந்தைகள் அதைக் கையில் எடுத்துக் கொஞ்சுகிறார்கள்.

இவை விஷம் இல்லாத பாம்புகள். விஷப் பாம்பு வளர்க்க வேண்டுமானால் அங்கே தனி லைசென்சு வாங்க வேண்டும். 1976-ம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது.

அதிகமாக வளர்க்கப்படுபவை இரண்டு. ஒன்று, ஆப்பிரிக்காவில் இருந்து வந்த சிறிய மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். அதனால் அதற்குப் "பந்து மலைப்பாம்பு" என்று பெயர். மற்றொன்று, அமெரிக்காவில் இருந்து வந்த "சோளப் பாம்பு."

இரண்டும் சாதுவானவை. இரண்டும் வெயில் அடிக்கும் நாட்டில் பிறந்தவை. இங்கிலாந்திலோ ஆண்டில் பாதி நாள் குளிர். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

உடம்புக்குள் அடுப்பு இல்லை

மனிதனுடைய உடம்புக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. சாப்பாடுதான் அதற்கு விறகு. வெளியே பனி பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் நமது உடம்பின் உஷ்ணம் 37 டிகிரிதான். (இங்கே சொல்லப்படும் டிகிரி எல்லாம் சென்டிகிரேடு கணக்கு.)

பாம்பின் உடம்பில் அந்த அடுப்பு இல்லை. சுற்றியுள்ள இடம் எவ்வளவு சூடோ, அவ்வளவுதான் பாம்பின் சூடு. குளிர்ந்தால் வெயிலுக்கு வரும். சூடேறினால் நிழலுக்குப் போகும். இப்படி இடம் மாறி மாறித்தான் அது தன் உடம்பைச் சரியாக வைத்துக்கொள்கிறது.

அடுப்பு இல்லாததால் ஒரு லாபமும் உண்டு. விறகுச் செலவு குறைவு! பந்து மலைப்பாம்புக்கு ஒரு எலி போதும். ஒரு வாரம், இரண்டு வாரம் சும்மா கிடக்கும்.

ஆனால் அந்த எலியைச் செரிக்க வேண்டுமே! அதற்குச் சூடு வேண்டும். இரை விழுங்கிய மலைப்பாம்பின் வயிற்றுக்குள் பெரிய வேலை நடக்கிறது. குடல் பெருக்கிறது. பர்மிய மலைப்பாம்புக்கு, இரை விழுங்கிய இரண்டு மூன்று நாளில் இருதயமே சுமார் 40 சதவீதம் பெரிதாகிவிடுகிறது என்று 2005-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

சூடு கிடைக்காவிட்டால் இந்த வேலை நின்றுவிடும். விழுங்கிய எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும். பாம்பு அதை வெளியே கக்கிவிடும். குளிர் பல நாள் நீடித்தால் சளி பிடிக்கும். பாம்புக்கா சளி என்று சிரிக்க வேண்டாம். வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடும். மூக்கிலும் வாயிலும் நுரை தள்ளும். கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும்.

நடுங்கிச் சூடேற்றும் தாய்

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் சில மலைப்பாம்புகள் தாங்களே சூடு உண்டாக்கும். அது முட்டையிட்ட தாய்!

தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொள்கிறது. உடம்பின் தசைகளை விட்டுவிட்டு நடுக்குகிறது. குளிரில் நமக்குப் பல் கிட்டுவது போன்ற நடுக்கம்தான் அது. அந்த நடுக்கத்தில் சூடு பிறக்கிறது. நியூயார்க் நகர மிருகக்காட்சி சாலையில் இருந்த ஒரு தாய் மலைப்பாம்பை அளந்து பார்த்து, 1966-ம் ஆண்டில் இதை விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். சுற்றியுள்ள காற்றைவிடத் தாயின் உடம்பு பல டிகிரி அதிகச் சூடாக இருந்தது.

தாய்மை அங்கேயும் உண்டு. ஆனால் மற்ற நாட்களில் மலைப்பாம்பும் வெளிச் சூட்டை நம்பித்தான் வாழ வேண்டும்.

ஒரு பக்கம் கோடை, மறுபக்கம் மார்கழி

அப்படியானால் வீட்டில் வளரும் பாம்புக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

"இத்தனை டிகிரி" என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. காட்டில் பாம்பு இடம் மாறிக்கொள்கிறது அல்லவா? பெட்டிக்குள்ளும் அதற்கு அந்த வசதி வேண்டும். ஆகவே பெட்டியின் ஒரு பக்கம் கோடைபோல இருக்க வேண்டும். மறுபக்கம் மார்கழிபோல இருக்க வேண்டும்.

பந்து மலைப்பாம்புக்குச் சூடான பக்கம் 31, 32 டிகிரி. குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 டிகிரி. இரவில் கொஞ்சம் குறையலாம். 22-க்குக் கீழே போகக் கூடாது.

சோளப் பாம்பு கொஞ்சம் குளிர் தாங்கும். அதற்குச் சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி போதும். குளிர்ந்த பக்கம் 20 முதல் 24 டிகிரி இருக்கலாம்.

இரண்டு பக்கத்திலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். ஒரே மறைவிடம் இருந்தால், பயந்த பாம்பு சூட்டையும் குளிரையும் பார்க்காமல் அங்கேயே முடங்கிவிடும்.

சூடு கூடினாலும் ஆபத்துதான். 35 டிகிரிக்கு மேல் போனால் பாம்பு தவிக்கத் தொடங்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். 40-ஐத் தொட்டால் உயிருக்கே உலை. குளிர் மெல்லக் கொல்லும். சூடு சீக்கிரம் கொன்றுவிடும்.

இஸ்திரிப் பெட்டி சொல்லும் பாடம்

இந்தச் சூட்டைக் கொடுக்க மின்சாரச் சாமான்கள் பல உண்டு. பெட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு ஒன்று. மேலே மாட்டும் சூட்டு பல்பு மற்றொன்று. வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் பல்பும் இருக்கிறது. இரவில் பாம்புக்கு இருட்டு வேண்டும் என்பதால் இது உபயோகமானது.

ஆனால் எதை வைத்தாலும் அதோடு "தெர்மோஸ்டாட்" என்ற கருவி இருந்தே ஆக வேண்டும்.

அது என்ன கருவி? மின்சார இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். வேண்டிய சூடு வந்ததும் சிவப்பு விளக்கு தானே அணைகிறது. ஆறியதும் மறுபடி எரிகிறது. அதே வேலையைத்தான் இது பாம்புப் பெட்டியில் செய்கிறது.

இந்தக் கருவி இல்லாத விரிப்பு தீக்கட்டிபோல ஆகிவிடும். பாம்போ எழுந்து ஓடாது. சூடான இடத்திலேயே அசையாமல் படுத்திருந்து, அடிவயிறு வெந்துபோன பாம்புகளைக் கால்நடை வைத்தியர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். முன்பு மின்சாரத்தால் சூடாகும் கல் ஒன்றைப் பெட்டிக்குள் வைப்பார்கள். அதனால் பல பாம்புகள் வெந்துபோனதால் இப்போது விவரம் தெரிந்தவர்கள் அதைத் தொடுவதில்லை.

பல்புக்குக் கம்பி வலைக் கூடும் வேண்டும். கூடு இல்லாவிட்டால் பாம்பு சூட்டை நாடிப்போய் பல்பையே சுற்றிக்கொள்ளும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தெர்மோஸ்டாட்டில் இருந்து ஓர் ஒயர் பெட்டிக்குள் போகும். அதன் நுனிதான் சூட்டைத் தொட்டுப் பார்க்கும் விரல். பாம்பு நெளியும்போது அந்த நுனி நகர்ந்து குளிர்ந்த மூலைக்குப் போய்விட்டால்? "இன்னும் சூடு வரவில்லை" என்று கருவி நினைத்துக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தாது. சூடு ஏறிக்கொண்டே போகும். பாம்பு சாகும். சில சமயம் வீடே தீப்பிடிக்கும்.

ஆகவே கருவியை மட்டும் நம்பக் கூடாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு உஷ்ணமானிகள் வேண்டும். அவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். ஒயர் நுனி அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

பவுன் கணக்கு

இப்போது பணக் கணக்குக்கு வருவோம்.

2021-ம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 21 பென்ஸ். ரஷியாவுக்கும் உக்ரைனுக்கும் 2022 பிப்ரவரியில் பெரும் போர் மூண்டது. ஐரோப்பாவில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியது. எரிவாயுவை எரித்துத்தான் அங்கே பெருமளவு மின்சாரம் தயாராகிறது. 2022 அக்டோபரில் ஒரு யூனிட் 34 பென்ஸ் ஆகிவிட்டது.

நடுத்தரக் குடும்பம் ஒன்று மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் ஆண்டுக்கு 1,277 பவுன் கொடுத்து வந்தது. அது 3,549 பவுனாக ஏறும் என்று அறிவிப்பு வந்தது. ஜனங்கள் அலறினார்கள். அரசாங்கம் தலையிட்டு, பாரத்தில் ஒரு பகுதியைத் தானே சுமந்து, 2,500 பவுன் அளவில் நிறுத்தியது. அப்படியும் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஒரு பாம்புப் பெட்டிக்கு இதனால் என்ன ஆயிற்று? 100 வாட் பீங்கான் பல்பு ஒன்று ஒரு நாளில் மொத்தம் 12 மணி நேரம் எரிவதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 1.2 யூனிட். மாதம் 36 யூனிட். பழைய விலையில் ஏழரைப் பவுன். புதிய விலையில் 12 பவுனுக்கு மேல். மூன்று பாம்பு வைத்திருந்தால் மாதம் 37 பவுன்.

வசதியுள்ளவருக்கு இது பெரிய தொகை அல்ல. ஆனால் குழந்தைகளின் அறைக்குச் சூடு போடுவதா, பாம்புப் பெட்டிக்குச் சூடு போடுவதா என்று யோசிக்கும் நிலையில் அந்தக் குளிர்காலத்தில் பல குடும்பங்கள் இருந்தன. முன்பணம் கட்டினால்தான் மின்சாரம் தரும் மீட்டர் பல ஏழை வீடுகளில் இருக்கிறது. காசு தீர்ந்தால் விளக்கு அணையும். பாம்பின் அடுப்பும் அதோடு அணையும்.

நாய்க்குக் குளிர்ந்தால் ஒரு கம்பளி போர்த்தலாம். மனிதரோடு ஒட்டிப் படுக்கும். பாம்புக்குக் கம்பளி போர்த்திப் பயன் இல்லை. கம்பளி சூடு தருவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே போகாமல் தடுக்கத்தான் செய்யும். பாம்புக்குள்தான் சூடே இல்லையே!

அங்கே 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, செல்லப் பிராணிக்குத் தகுந்த இடவசதி செய்து தரவேண்டியது வளர்ப்பவரின் கடமை. பாம்பும் அதில் அடங்கும். செலவு தாங்கவில்லை என்று சுவிட்சை அணைத்துவிட முடியாது. தெருவில் விட்டுவிடவும் முடியாது. ஊர்வனவற்றை ஏற்கும் காப்பகத்தில் ஒப்படைப்பதுதான் ஒழுங்கான வழி.

செலவைக் குறைக்கவும் வழிகள் உண்டு. கண்ணாடிப் பெட்டியைவிட மரப்பெட்டி சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். பெட்டியை ஜன்னல் ஓரத்தில் இருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றலாம். அடியிலும் பின்னாலும் தெர்மாகோல் பலகை வைக்கலாம். காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது.

பிறகு விலை கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் 2025-ம் ஆண்டிலும் அது பழைய 21 பென்சுக்குத் திரும்பவில்லை.

அதே ஆண்டு கொளுத்திய வெயில்

குளிருக்குப் பயந்த அதே 2022-ம் ஆண்டில், ஜூலை 19-ந் தேதி, இங்கிலாந்தில் வெயில் 40.3 டிகிரியைத் தொட்டது. அந்த நாட்டில் இதற்கு முன் இவ்வளவு வெயில் பதிவானதே இல்லை. பெரும்பாலான வீடுகளில் ஏர்கண்டிஷன் கிடையாது.

தெர்மோஸ்டாட் அப்போது என்ன செய்யும்? சூட்டை நிறுத்தும். அவ்வளவுதான். குளிர்ச்சி தர அதற்குத் தெரியாது. பெட்டியைத் தரைத்தளத்துக்கு இறக்கி, ஜன்னலை மூடி வெயிலை மறைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

மின்சாரம் நின்றுபோன டெக்சாஸ்

அமெரிக்காவில் வேறு விதமான சோதனை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாகாணத்தில் கடும் பனிப்புயல். டல்லாஸ் நகரில் குளிர் உறைநிலைக்குக் கீழே 19 டிகிரி வரை இறங்கியது. மின்சார நிலையங்கள் உறைந்து நின்றன. 45 லட்சம் வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் இல்லை. பல இடங்களில் பல நாள் வரவில்லை. மனிதர்களே நூற்றுக்கணக்கில் இறந்தார்கள்.

கடலில் இருந்த ஆமைகள்கூட விறைத்து மிதந்தன. ஆயிரக்கணக்கான ஆமைகளைத் தொண்டர்கள் தூக்கி வந்து, தென் பாத்ரே தீவில் உள்ள ஒரு பெரிய மண்டபத்தின் தரையில் வரிசையாகக் கிடத்தினார்கள். கடலில் வாழும் ஆமைக்கே அந்தக் கதி என்றால், மின்சாரத்தை நம்பிப் பெட்டிக்குள் கிடக்கும் பாம்புக்கு?

இந்தச் சமயத்தில் செய்ய வேண்டியது என்ன என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். பாம்பைத் துணிப்பையில் விட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைக்க வேண்டும். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியால் நன்றாகச் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். பாட்டில் பாம்பின் உடம்பில் நேராகப் படக் கூடாது. மின்சாரம் வரும்வரை இரை கொடுக்கவே கூடாது. வெறும் வயிற்றில் உள்ள நல்ல பாம்பு ஓரிரு நாள் குளிரைத் தாங்கும். வயிற்றில் எலி இருந்தால் தாங்காது.

புளோரிடா மாகாணம் கற்றுக்கொண்டது வேறு பாடம். அங்கே வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் பெரிதாகிவிட்டதால் சிலர் காட்டில் விட்டார்கள். சில தப்பியும் போயின. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அவை பெருகி, அங்குள்ள சிறு பிராணிகளை எல்லாம் தின்று தீர்க்கின்றன. 2010 ஜனவரியில் அங்கே கடும் குளிர் வந்தது. ரேடியோ கருவி பொருத்திக் கண்காணித்துவந்த 10 மலைப்பாம்புகளில் 9 செத்தன. ஆனாலும் இனம் அழியவில்லை. தப்பியவை மறுபடி பெருகிவிட்டன. வளர்க்க முடியாமல் வெளியே விட்டால், ஒன்று பாம்பு சாகும்; இல்லாவிட்டால் காடு சாகும்.

விமானத்தில் வந்த பாம்புகள்

இந்த ஆசை தமிழ்நாட்டையும் தொட்டுவிட்டது.

2023 ஏப்ரலில், கோலாலம்பூரில் இருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். சுங்க அதிகாரிகள் கொக்கியால் ஒவ்வொன்றாக எடுத்த காட்சியை நாடே பார்த்தது. அதே ஆண்டு ஜூலையில், திருச்சி விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபட்டன.

இந்தியச் சட்டம் கண்டிப்பானது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுக் காட்டில் வாழும் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ம் ஆண்டில் விதிகள் வந்தன. பந்து மலைப்பாம்பும் அந்தப் பட்டியலில் உண்டு.

சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978-ம் ஆண்டில் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அவர்கள் அரசாங்க அனுமதியோடு விஷப் பாம்புகளைப் பிடிக்கிறார்கள். மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். பாம்புக்கடி மருந்துக்காக விஷம் எடுக்கிறார்கள். சில வாரத்தில் காட்டிலேயே திரும்ப விட்டுவிடுகிறார்கள். அங்கே மின்சார விரிப்பும் இல்லை, பீங்கான் பல்பும் இல்லை. நம் நாட்டுப் பாம்புக்கு நம் நாட்டு வெயிலே போதும். மண்பானையின் குளிர்ச்சிதான் அதற்கு வேண்டியது. தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு பழகியவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும்.

உண்மையான விலை எது?

பந்து மலைப்பாம்பு 20, 30 ஆண்டு உயிர் வாழும். பத்து வயதுப் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவனுக்குக் கலியாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அது இருக்கும். அத்தனை குளிர்காலத்திலும் அதன் பெட்டியின் சூடான பக்கம் 31 டிகிரியில் இருக்க வேண்டும். மின்சாரம் மலிந்தாலும் வேண்டும், ஏறினாலும் வேண்டும்.

கடைக்காரர் சொல்லுவது பாம்பின் விலை. அது ஒரு நாள் செலவு. சூட்டின் விலையைச் சொல்லுவது மின்சார மீட்டர். அது முப்பது வருஷச் செலவு.

நாய் பசித்தால் குரைக்கும். பூனை குளிர்ந்தால் மடியில் ஏறும். பாம்பு ஒன்றும் கேட்காது. பெட்டி ஆறிப்போனால் மூலையில் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். அதன் குளிரைச் சொல்ல உஷ்ணமானியைத் தவிர வேறு வாய் இல்லை. அந்த உஷ்ணமானியைத் தினமும் பார்க்க நேரமும், அதன்படி சூடு கொடுக்கக் காசும் இல்லாதவர்கள், பாம்பை அதன் காட்டிலேயே விட்டுவைப்பது நல்லது. அங்கே சூரியன் கட்டணம் கேட்பதில்லை.